சூடேறாத மெசினும் ஒழுங்கை முழுக்க 'ஓஃப்'பும்

வீட்டில் ஒரு பல்ப் மாற்றுவதென்றாலும் நான் கதிரையில் ஏறி நின்று, "மெயின்?" என்று உரத்துக் கேட்பேன். குசினிக்குள்ளிருந்து என் மனைவி "ஓஃப்!" என்பாள். "ஆர் பாத்தது?" என்பேன். "நான்தான், வேறை ஆர்? கெதியா இறங்குங்கோ" என்பாள். வழுக்கைத் தலையோடு ஒரு மனிதன் ஒரு பல்புக்காக இப்படி ஆரவாரம் செய்வதைப் பார்த்து அயல்வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கேள்விகளால்தான் நான் ஓய்வுபெறும் வரை உயிரோடு இருந்தேன். இதே கேள்விகளால்தான் ஒருமுறை சாகவும் பார்த்தேன்.

போன மாதம், நான் கடைசியாக வேலைபார்த்த கடையின் இளம் திருத்துநர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணை, இப்ப உடுப்புத் தோய்க்கிற மெசின் தனக்கு என்ன வருத்தம் எண்டு தானே இலக்கத்திலை சொல்லுது. அந்தக் காலத்திலை என்னெண்டு கண்டுபிடிச்சனியள்?" என்று கேட்டார்கள்.

"மீற்றராலை, காதாலை, ஒரு கசற்றாலை. கடைசியிலை மூக்காலை" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குத் தட்டிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இணுவில்காரன். இரண்டு வருடம் மின்வேலை படித்தேன். அதில் முக்கால்வாசி மறந்துபோன பிறகு, எண்பத்து மூன்றின் கடைசியில் யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் ஒரு திருத்தகத்தில் சேர்ந்தேன். விசிறி, அயன்பெட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டர், மாவு அரைக்கும் கிறைண்டர் எல்லாம் அங்கே வரும். முதலாளி பெயர் அருளம்பலத்தார். ஊரில் யாருக்குக் கறண்ட் கோளாறு என்றாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். ஆனால் அவருக்குக் கறண்ட் என்றாலே பயம்.

சும்மா பயமில்லை, வடிவான பயம். இளவயதில் கோயில் திருவிழாவுக்கு லைற் கட்டப் போனவர் சொக் அடித்து மேளக்காரருக்கு நடுவில் போய் விழுந்தாராம். தவில்காரர் அதையும் ஒரு வரிசை என்று நினைத்து அடித்து முடித்தாராம். அன்றிலிருந்து பதினெட்டு வருடமாக அவர் ஒரு வயரைக்கூடத் தொட்டதில்லை. தன் வீட்டு லைற்றையே குடையின் மரப்பிடியால்தான் போடுவார். வேலைக்குப் போகுமிடமெல்லாம் சைக்கிள் கரியரில் ஒரு பலாப் பலகை கட்டிக்கொண்டு வருவார். அதை நிலத்தில் போட்டு, றப்பர் செருப்போடு அதன்மேல் ஏறி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கண்ணாலும் காதாலும் அவர் பார்ப்பார். கையால் செய்வது நான்.

கையை உள்ளே விடும் முன்பு அவர் மூன்று கேள்வி கேட்பார். ஒவ்வொரு முறையும், ஒரு சொல் கூடாமல் குறையாமல். என்னை அவர் கூப்பிடுவது 'ஐசே' என்றுதான்.

"ஐசே, மெயின்?"

"ஓஃப்."

"ஆர் பாத்தது?"

"நான்."

"ரெஸ்ரர்?"

"இருட்டு."

ரெஸ்ரர் என்பது முனையில் சின்ன பல்ப் உள்ள திருப்புளி. கறண்ட் இருந்தால் பல்ப் எரியும். எரியாவிட்டால்தான் 'இருட்டு' என்ற சொல் வாயில் வரவேண்டும். இந்த மூன்று பதிலும் வராமல் அவர் என்னை ஒரு ஆணியைக்கூடத் தொட விட்டதில்லை. ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. ஆனால் அவருடைய கடையில் ஒருவருக்கும் சொக் அடித்ததில்லை, எண்பத்தொன்பதாம் ஆண்டு வரைக்கும்.

அந்த வருடம் ஒரு வியாழக்கிழமை காலை றோசலின் அக்கா கடைக்கு வந்தார். குருநகர்க்காரி. கடலுக்குப் போன கணவர் திரும்பி வராததால் வீடு வீடாக உடுப்புத் தோய்த்துச் சீவித்தவர். சோடாவும் கல்லும் சேர்ந்து இரண்டு உள்ளங்கையையும் வெடிக்க வைத்துவிட்டன. இனிச் சோடாத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஜேர்மனியில் இருந்த தம்பி அன்ரன் அதைக் கேள்விப்பட்டு ஒரு உடுப்புத் தோய்க்கும் மெசினைக் கப்பலில் அனுப்பியிருந்தான். கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கி ஆறு மாதம்.

"ஐயா, மெசின் நிக்குதில்லை" என்றார்.

"ஓடுதில்லையோ?" என்று கேட்டார் அருளம்பலத்தார்.

"ஓடுது ஐயா. அதுதானே வில்லங்கம். நேற்று விடியப் போட்டது, பின்னேரமாகியும் சுத்துது. எனக்குத்தான் களைச்சுப்போச்சு. கடைசியிலை வீட்டு மெயினையே நிப்பாட்டினன்."

கடை திறந்த பதினைந்து வருடத்தில் 'ஓடவில்லை' என்று ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். 'நிற்கவில்லை' என்று வந்தவர் இவர் ஒருவர்தான். அருளம்பலத்தாரின் முகம் தேர் பார்க்கப் போகும் குழந்தையின் முகம்போல் ஆகிவிட்டது. பலாப் பலகையைத் தானே தூக்கிக் கரியரில் வைத்தார்.

வழியில் அக்கா மிச்சத்தையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை. கன்னியர் மடத்தில் அதற்கென்று முப்பத்தாறு வெள்ளைச் சட்டைகள் இருக்கின்றன. வருடம் முழுக்கப் பெட்டியில் கிடந்து பழுத்துப்போயிருந்த அந்தச் சட்டைகளை மடத்துத் தலைவியான மதர் அக்காவிடம் கொடுத்திருந்தார். சனி பின்னேரம் பால்போல வெள்ளையாகத் திரும்பி வந்தால் விடுதிப் பிள்ளைகளின் உடுப்பு முழுவதும் இனி அக்காவுக்குத்தான், மாதம் மாதம். வராவிட்டால் பழையபடி கல்லும் சோடாவும்தான். பழுத்த வெள்ளைக்குச் சுடுதண்ணீர் வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசினால் பழுப்பு இன்னும் வடிவாகத் தெரியும்.

அக்காவின் வீட்டு முன் அறையில் மெசின் இருந்தது. அதன்மேல் பின்னல் துணி விரித்து மாதா சொரூபம் வைத்திருந்தார்கள். மாதாவை இறக்கி அலுமாரிக்கு மேல் வைத்த பிறகுதான் மெசினைப் போடுவார்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே ஒழுங்கைச் சனம், அந்தக் குறுக்குத் தெரு முழுவதும், யன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. மெசின் வந்த நாளிலிருந்து அது அவர்களுடைய படமாளிகை.

மெசினின் ஜேர்மன் பிளக் நம்முடைய சுவரில் ஏறாதென்று பக்கத்து வீட்டுச் சூசை அண்ணை அதை வெட்டி எறிந்துவிட்டு, வயரை நேரே மெயின் பெட்டிக்கே கொண்டுபோய் முறுக்கி வைத்திருந்தார். சூசை அண்ணைக்குத் தொழில் கடல். எதையும் முடிச்சுப் போட்டே பழக்கப்பட்டவர். "நல்ல இறுக்கம் தம்பி, சூறாவளிக்கும் கழராது" என்றார் பெருமையாக. வயர் கழரவில்லைதான். ஆனால் மெயினை நிற்பாட்டாமல் அந்த மெசினைத் தொட வேறு வழியுமில்லை.

அருளம்பலத்தார் பலகையில் ஏறினார். தண்ணீர் ஊற்றி மெசினைச் சுற்ற விட்டோம். அரை மணித்தியாலம் அவர் அசையவில்லை.

"ஐசே, கதவுக் கண்ணாடியைத் தொடும். சுடுதோ?"

"பச்சைத் தண்ணி."

"காதை வையும். மணிக்கூடு ஓடுற சத்தம் கேக்குதோ?"

வைத்தேன். டிரம் சுற்றும் சத்தம் மட்டும்தான்.

"அப்ப இதுக்கு விசர், பைத்தியம் ஒண்டும் இல்லை" என்றார் சனத்தைப் பார்த்து. "தண்ணி சுட்டால்தான் மணிக்கூடு நகரும், நகர்ந்தால்தான் அடுத்த வேலை. தண்ணி சுடேல்லை. சுடும் சுடும் எண்டு பாவம் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது."

யன்னலில் நின்ற பெண்கள் "ச்சொ, ச்சொ" என்றார்கள். ஒருத்தி மெசினைத் தடவியே விட்டாள்.

மூன்று கேள்வி, மூன்று பதில். பின்தகட்டைக் கழற்றினேன். டிரம்முக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ற் இருக்கிறது. வெளியே தெரிவது அதன் இரண்டு முனைகளும் நடுவில் ஒரு நட்டும்தான். இரண்டு வயரையும் இழுத்துக் கழற்றி, மீற்றரின் இரண்டு கம்பிகளையும் முனைகளில் வைத்தேன். சுகமான எலிமென்ற் என்றால் முள் இருபத்தைந்துக்குக் கிட்டப் போய் நிற்கும். இந்த முள் நித்திரை. தட்டிப் பார்த்தேன், முனைகளைச் சுரண்டிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

"வெளியிலை எடும்" என்றார்.

நட்டை முக்கால்வாசி இளக்கி, அதன் தலையில் மெதுவாகத் தட்ட வேண்டும். உள்ளே பிதுங்கி நிற்கும் றப்பர் அப்போதுதான் மெலியும். பிறகு இடதும் வலதுமாக அசைத்து அசைத்து, பல் பிடுங்குவதுபோல இழுக்கவேண்டும். வந்தது. வந்ததைப் பார்த்ததும் எனக்கு இது எலிமென்ற்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. விரல் தடிப்புக் கம்பி கைத் தடிப்பில் வெள்ளைக் கல்லாக இருந்தது.

சூசை அண்ணை எட்டிப் பார்த்தார். "உது முருகைக்கல்லெல்லோ! பிள்ளை றோசலின், உன்ரை மெசினுக்கை கடல் இருக்கடி!"

குருநகர் ஒழுங்கை சிரித்த சிரிப்பில் அலுமாரி மேலிருந்த மாதாவே அசைந்தது. உண்மையும் அதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு முழுவதும் ஆறு மாதமாக அந்தக் கம்பியில் போய்ப் படிந்திருந்தது. வெளியே போக வழியில்லாத சூடு கம்பியையே தின்றுவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வெடித்த கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, "புதுசு கிடைக்குமோ ஐயா?" என்று கேட்டார்.

கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை சைக்கிளில் யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றினேன். ஒரு கடைக்காரர் கேத்திலுக்குரியதைத் தந்தார், ஓட்டைக்குள் போகவில்லை. இன்னொருவர், "உந்தக் கம்பி ஜேர்மனியிலைதான் முளைக்கும்" என்றார். மத்தியானம் வெறுங்கையோடு குருநகருக்குப் போனேன். அருளம்பலத்தார் பலகையில் நின்றபடி அக்காவிடம் கேட்டார்.

"மெசினோடை ஒரு கடுதாசியும் வரேல்லையோ பிள்ளை?"

"கடுதாசி வரேல்லை ஐயா. கசற்தான் வந்தது."

அந்த நாளில் வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் கடிதம் எழுதாமல் கசற்றில் கதைத்து அனுப்புவது வழக்கம். அக்கா ரேப் றெக்கோடரைக் கொண்டுவந்து மெசினுக்கு மேலேயே வைத்தார். ஒழுங்கைச் சனம் வந்து நிலத்தில் இருந்தது.

"அக்கா, நான் அன்ரன் கதைக்கிறன். நான் நல்ல சுகம்..." என்று தொடங்கியவன், சூசை அண்ணையிலிருந்து பக்கத்து வீட்டு ஆடு வரை சுகம் விசாரித்தான். கடைசியில் குரல் உடைந்தது. "அம்மான்ரை செத்தவீட்டுக்கு என்னாலை வர ஏலாமல் போச்சக்கா. இஞ்சை ஒரு அறையிலை தனிய இருந்து அழுதனான்." அக்கா அழுதார், பெண்கள் அழுதார்கள், சூசை அண்ணை வெளியே போய் மூக்குச் சீறிவிட்டு வந்தார். எனக்கும் கண் கலங்கியது. கசற் டக்கென்று நின்றது.

"எப்பவும் இவ்வளவும்தான் ஐயா. இதுக்கு மேலை என்னாலை கேக்க ஏலாது" என்று அக்கா ரேப்பை மூடப் போனார்.

"பிள்ளை, மற்றப் பக்கம்?" என்றார் அருளம்பலத்தார்.

ஆறு மாதமாக அந்தக் கசற்றை ஒருவரும் திருப்பிப் போட்டதில்லை. ஒவ்வொரு முறையும் முதல் பக்கம் முடியும்போது வீடே அழுதுகொண்டிருக்குமாம். நான் திருப்பிப் போட்டேன்.

"சரி அக்கா, அழுதது காணும். மூஞ்சையைத் துடையும். இனி மெசின்ரை கதைக்கு வருவம்" என்றான் அன்ரன்.

வீடு அதிர்ந்தது. அழுத கண்ணோடு அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் ஒவ்வொரு பொத்தானையும் விளக்கிவிட்டுச் சொன்னான்: "எங்கடை தண்ணி கல்லுத் தண்ணி. சூடேத்திற கம்பி கெதியா எரிஞ்சுபோம் எண்டு கடைக்காரன் சொன்னவன். மேலதிகமா ஒண்டு வாங்கி, துவாயாலை சுத்தி டிரம்முக்கை வைச்சிருக்கிறன். கவனமா எடுத்து வையும்."

"துவாய் வந்தது!" என்றார் அக்கா. "சிவப்புத் துவாய். அதுக்கை ஒரு வளைஞ்ச கம்பியும் கிடந்தது..."

சொல்லிக்கொண்டிருந்தவர் எழுந்து குசினிக்குள் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அடுப்புக்கு மேலே, கூரை வளையில் கட்டிய கயிற்றில், இரண்டு வளைவுள்ள ஒரு வடிவான கம்பி தொங்கியது. வளைவுக்கு இரண்டாக நான்கு கட்டா மீன் கருவாடு. முதல்நாள் தேத்தண்ணி குடிக்கப் போனபோது அதன் கீழேதான் நான் நின்றேன். கருவாட்டைக் கண்டு மூக்கைப் பொத்தினேனே தவிர, கம்பியைக் காணவில்லை.

மீற்றரை வைத்தேன். முள் துள்ளி எழும்பி இருபத்தாறில் போய் நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. இணுவிலில் வெள்ளிக்கிழமை கருவாட்டைத் தொட்டவன் வீட்டுப் படி ஏற ஏலாது. அந்தக் கம்பியை இரண்டு விரலால் தூக்கி, முனைகளை மட்டும் நன்றாக மினுக்கி, மற்ற இடத்தைச் சாம்பலால் ஒப்புக்கு ஒருமுறை தேய்த்து வைத்தேன். புது எலிமென்ற் போட்டால் முதல் ஓட்டம் உடுப்பில்லாமல் வெறுந்தண்ணீரில் ஓட விடவேண்டும் என்பது அருளம்பலத்தாரின் சட்டம். எண்ணெய், ஊத்தை எல்லாம் அந்தத் தண்ணீரோடு போகும் என்று என் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பூட்டத் தொடங்கினோம். மெயின் சுவிச்சைப் போடவும் நிற்பாட்டவும் அடுத்த அறையில் சூசை அண்ணையை நிறுத்தினேன். அன்று ஒழுங்கையில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது, முன் அறை நிறைந்துவிட்டது. அருளம்பலத்தார் பலகையில் ஏறி, "ஐசே, மெயின்?" என்றார்.

"ஓஃப்!" என்றது வீடு.

நான் திரும்பிப் பார்த்தேன். பெண்களின் முகத்தில் பகிடியே இல்லை. அவர்கள் பிறந்த நாளிலிருந்து கோயிலில் ஒருவர் ஒன்று சொல்ல எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லிப் பழகியவர்கள். இரண்டு நாளாக எங்களைப் பார்த்ததில் இதுவும் அப்படியொரு மன்றாட்டு என்று நினைத்து மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

"ஆர் பாத்தது?"

"நான்!"

"ரெஸ்ரர்?"

"இருட்டு!"

அருளம்பலத்தாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆறு வருடமாக நான் ஒருவன் முணுமுணுத்த பதிலை இன்று நாற்பது பேர் ராகத்தோடு சொல்கிறார்கள். அவரும் குரலை இழுத்துக் கேட்கத் தொடங்கினார். எனக்கும் தலைகால் தெரியவில்லை. எலிமென்றை உள்ளே தள்ளி, நட்டை இறுக்கி, வயர்களைக் கொழுவினேன். மெயினைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். பத்து நிமிடமாகியும் கண்ணாடி சுடவில்லை. பார்த்தால் ஒரு வயர் முனையிலிருந்து நழுவித் தொங்கியது. கொழுவ வேண்டியதுதான், ஒரு நொடி வேலை.

"ஐசே, மெயின்?"

"ஓஃப்!"

"ஆர் பாத்தது?"

"நான்!"

"ரெஸ்ரர்?"

"இருட்டு!"

நாற்பது பேர் 'நான்' என்று சொன்னார்கள், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அந்த நாற்பதில் சூசை அண்ணையும் ஒருவர். கண்ணாடி சுடுகிறதா என்று பார்க்க மெயின் பெட்டியை விட்டு வந்து, என் பின்னால் நின்று அவரும் பக்தியோடு 'ஓஃப்' என்றார். ரெஸ்ரர் என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை வெளியில்கூட எடுக்கவில்லை. இடது கையை மெசின் தகட்டில் ஊன்றி, வலது கையால் வயரைப் பிடித்தேன்.

சொக் அடித்தால் தூக்கி எறியும் என்பார்கள். என்னை எறியவில்லை, பிடித்துவைத்துக்கொண்டது. கை மூடிவிட்டது, திறக்க முடியவில்லை. கத்த நினைத்தேன், பல் கிட்டிப்போயிற்று. சனத்துக்கு விளங்கவில்லை. எனக்கு ஆவி இறங்கிவிட்டது என்று ஒரு கிழவி சிலுவை போட்டதை மட்டும் கண்டேன்.

அருளம்பலத்தார் பலகையிலிருந்து குதித்தார். பதினெட்டு வருடத்தில் முதல்முறை வெறும் நிலத்தில், செருப்பு ஒன்று எங்கோ கழன்றுபோக. கதவோரம் சாத்தியிருந்த சூசை அண்ணையின் துடுப்பைத் தூக்கி என் முன்கையில் ஒரு அடி போட்டார். கை வயரை விட்டது. நான் பெண்களின் மடியில் போய் விழுந்தேன்.

எழும்பினேன். இருதயம் தவில்போல அடித்தது, கை வீங்கத் தொடங்கியது, உயிர் இருந்தது. அருளம்பலத்தார் துடுப்பைக் கீழே வைக்காமல் நின்றார். "ஐசே, இருக்கிறீரோ?" என்றார். "இருக்கிறன்" என்றேன். பிறகு அவர் சனத்தின் பக்கம் திரும்பி, "இனி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது! கேக்கிறது நான், சொல்லுறது இவர், பாக்கிறதும் இவர்!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினார். கத்தி முடிந்ததும் கண்ணைத் துடைத்தார். சூசை அண்ணை என் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அவரைத் தேற்றுவது எனக்குச் சொக்கைவிடப் பெரிய வேலையாகிவிட்டது.

நானே மெயினை நிற்பாட்டி, ரெஸ்ரரால் தொட்டு, இருட்டைக் கண்ணால் கண்டு, இடது கையால் வயரைக் கொழுவினேன். மெயினைப் போட்டோம். கால் மணித்தியாலத்தில் அருளம்பலத்தார் பலகையில் ஏறாமலே மெசினுக்குக் கிட்டப் போனார். கையை நீட்டினார், இழுத்தார், நீட்டினார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார்.

"சுடுது" என்றார். "ஐசே, சுடுது!"

இந்த அமளியில் மத்தியானமாகிவிட்டது. கறண்ட் எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். வெறுந்தண்ணீர் ஓட்டத்தை விட்டுவிட்டுச் சட்டைகளை நேரே போட்டோம். ஒன்றரை மணித்தியாலத்தில் மணிக்கூடு நகர்ந்து, சுற்றி, அலசி, மெசின் தானாகவே நின்றது. அது நின்றதற்கு ஒழுங்கையே ஆரவாரித்தது. சட்டைகள் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. சரியாக அப்போது கறண்ட் போயிற்று.

வெயிலில் காயப்போட்டு, கரி அயன்பெட்டியால் அக்கா முதல் சட்டையை அழுத்தினார். ஆவி எழும்பியது. என் இணுவில் மூக்கு விழித்துக்கொண்டது. கருவாடு.

இன்னொரு சட்டையை மணந்தேன். கருவாடு. முப்பத்தாறும் கருவாடு. அருளம்பலத்தாரைக் கூப்பிட்டேன். அவர் மணந்துவிட்டு, "வெறுந்தண்ணி ஓட விடேல்லையெல்லோ ஐசே" என்றார் மெல்ல. சூசை அண்ணை மணந்தார். "என்ன மணம்? நல்லாத்தானே கிடக்கு" என்றார். பெண்கள் எல்லோரும் மணந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் மணக்கவில்லை. அக்கா ஒரு சட்டையை முகத்தோடு சேர்த்து மீண்டும் மீண்டும் மூச்சை இழுத்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே தம்பி. உண்மையாவே மணக்குதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம் அக்கா" என்றேன். என் வெள்ளிக்கிழமைச் சுத்தத்தை நினைத்து எனக்கு அழுகை வந்தது. இன்னொருமுறை தோய்க்கக் கறண்டும் இல்லை, நேரமும் இல்லை.

அக்காவும் அருளம்பலத்தாரும் நானும் மடத்துக்குப் போனோம். மதர் உயரமானவர், சிரித்து ஒருவரும் கண்டதில்லை. ஒவ்வொரு சட்டையாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலை அசைந்தது. ஒன்பதாவதோ பத்தாவதோ சட்டையில் நிறுத்தி, அதன் கையை மூக்கருகே கொண்டுபோனார். அக்கா என் வீங்கிய கையையே பிடித்துக்கொண்டார். நொந்தும் நான் கத்தவில்லை.

"றோசலின், மெசினுக்கை என்ன போட்டனீர்?"

அக்கா ஒரே மூச்சில் முழுவதையும் சொன்னார். அன்ரன், துவாய், அடுப்பு, கம்பி, சொக், துடுப்பு எல்லாம். மதர் கண்ணை மூடி இன்னொருமுறை மணந்தார்.

"கட்டா" என்றார்.

"ஓம் மதர்" என்றார் அக்கா, அழுதுகொண்டே.

"பாரையெண்டால் உப்பிடி மணக்காது. நான் பாசையூர்ப் பிள்ளை. எங்கடை ஐயா கரைவலைக்காரன். எனக்கும் அம்மா தோய்ச்சுத் தந்த முதல்நன்மைச் சட்டை உப்பிடித்தான் மணந்தது." சட்டையை மடித்து மற்றவற்றோடு வைத்தார். "ராத்திரி மேல்மாடிக் காத்திலை போட்டால் போயிடும். வெள்ளை நல்ல வெள்ளை. திங்கட்கிழமை விடுதி உடுப்பு அனுப்புறன்."

நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "றோசலின், அந்தக் கட்டாவிலை மிச்சம் கிடக்கோ?"

அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் சண்டை தொடங்கி, குடாநாடு முழுவதற்கும் கறண்ட் நின்றது. வருடக்கணக்கில் வரவில்லை. எங்கள் கடை சைக்கிள் டைனமோவில் ரேடியோவை ஓட வைத்துக் கொடுக்கும் வேலைக்கு மாறியது. தொண்ணூற்றொன்றில் ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் மூன்று பெரிய அடுப்பு, மூன்று அண்டா, வேலைக்கு நாலு பெண்கள். வேலையை மதர் மெசினுக்குக் கொடுக்கவில்லை, றோசலினுக்குத்தான் கொடுத்திருந்தார். அக்காவின் கைகள் ஆறியிருந்தன. மெசினின் மேல் மாதா நிம்மதியாக இருந்தார், இறக்கத் தேவையில்லை.

குசினியில் பழைய எலிமென்ற் தொங்கியது, முருகைக்கல்லோடு சேர்த்து. அதில் கட்டா. "ஒண்டைக் கழட்டிக்கொண்டு போ தம்பி" என்றார் அக்கா.

கையை நீட்டியவன், பழக்கத்தில், "மெயின்?" என்று கேட்டுவிட்டேன்.

முற்றத்தில் ஒருத்தி "ஓஃப்!" என்றாள். பக்கத்து வீட்டில் இன்னொருத்தி "ஓஃப்!" என்றாள். சூசை அண்ணையின் குரல் எங்கிருந்தோ "ஓஃப்!" என்றது. கறண்ட் இல்லாத அந்த ஒழுங்கை முழுவதும் ஓஃப், ஓஃப் என்று சிரித்தது.

"ஆர் பாத்தது?" என்றேன்.

"எல்லாரும்!" என்றார்கள்.

அன்று வியாழக்கிழமைதான், வெள்ளி இல்லை. கருவாட்டைக் கழற்றிக்கொண்டு இணுவிலுக்குச் சைக்கிள் மிதித்தேன்.